மதுரையில் பிரீஎக்லாம்ப்சியா ரத்தப் பரிசோதனை: நான் போன ஸ்கேன் சென்டர்

முதல் பிரசவத்தில் 33-ஆவது வாரமே பிரீஎக்லாம்ப்சியா (கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறி, தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாகும் நோய்) வந்து, பிரஷர் எகிறி, அவசரமாக ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். அதனால் இரண்டாவது உண்டானதுமே எங்கள் டாக்டரம்மா, "டபுள் மார்க்கரோட பி.எல்.ஜி.எஃப்.பும் சேத்துப் பாத்துருவோம்மா" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். டபுள் மார்க்கர் என்பது பிள்ளைக்குக் குரோமோசோம் குறை இருக்க வாய்ப்பு உண்டா என்று முதல் மூன்று மாதத்தில் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. சென்டரின் பெயரைப் போடவில்லை. எங்கே போனாலும் கவனிக்க வேண்டியவை இவை.

பி.எல்.ஜி.எஃப். என்பது நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதம். நஞ்சு சரியாக வேர்விடாவிட்டால் இதன் அளவு குறையும். பிரஷர் ஏறுவதற்குப் பல வாரம் முன்பே அது தெரிந்துவிடும். ஆனால் ரத்தம் மட்டும் போதாது. லண்டன் ஃபீட்டல் மெடிசின் ஃபவுண்டேஷன் வகுத்த முறையில் தாயின் விவரம், பிரஷர், கருப்பை ரத்தக்குழாய் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்), இந்தப் புரதம் நான்கையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். 37 வாரத்துக்கு முன் வரக்கூடிய பிரீஎக்லாம்ப்சியாவில் நான்கில் மூன்று பங்கை அப்படிப் பிடித்துவிடலாம்.

இங்கே பிரஷர் பார்த்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. "அக்கா, அஞ்சு நிமிஷம் பேசாம உக்காருங்க" என்று சொல்லி, கையைத் தலையணையில் வைத்து, இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் பட்டை கட்டி, இடைவெளி விட்டு மறுபடியும் எடுத்தார் அந்த நர்ஸ் பெண். பிள்ளையின் பின்கழுத்து நீரளவைப் பார்க்கும் என்டி ஸ்கேனோடு டாப்ளரும் பொறுமையாகப் பார்த்தார்கள்.

ரத்தம் எடுக்கும் கவுண்டர்தான் மோசம். எடையை என்னிடம் வாயால் கேட்டு எழுதிக்கொண்டார்கள். நான்தான் மெஷினில் ஏறி நின்று காட்டினேன். முந்தைய பிரசவத்தில் பிரஷர் இருந்ததா என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். அந்த ஒரு கட்டம் மாறினால், அதே ரத்தத்துக்கு வேறு ரிசல்ட் வரும்! பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி நிரப்பச் சொன்னேன். நீங்களும் கையோடு கொண்டு போங்கள்.

ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. 60-இல் ஒன்று, சிவப்பில் 'ஹை ரிஸ்க்'. கூப்பிட்டுக் கேட்டால், "உங்க டாக்டர பாருங்க" என்பதோடு சரி. அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. மறுநாள் டாக்டரம்மாதான் விளக்கினார்: 60 பேரில் 59 பேருக்கு அது வராது, ஆனால் 100-இல் ஒன்றுக்கு மேல் போனாலே மருந்து கொடுப்பார்கள். தினமும் இரவில் ஆஸ்பிரின் 150 மில்லிகிராம், 36 வாரம் வரை. 2017-இல் வெளியான ஆஸ்ப்ரி ஆய்வில், மருந்து எடுக்காதவர்களில் 4.3 சதவீதம் பேருக்கு 37 வாரத்துக்கு முன் வந்தது, எடுத்தவர்களில் 1.6 சதவீதமாகக் குறைந்ததாம். 16 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன், அதனால் நாள் கடத்தாமல் போங்கள். டாக்டரைக் கேட்காமல் யாரும் தானாக மாத்திரை போட வேண்டாம்.

முதல் மூன்று மாத டெஸ்ட்டுக்கு இந்த சென்டரைத் தாராளமாகச் சொல்வேன். அஞ்சாம் மாதத்துக்கு மேல் தலைவலி, கை கால் வீக்கம் என்று சந்தேகம் வந்தால் பார்க்கும் எஸ்.ஃப்ளிட்-1 (இந்த நோயில் அளவு கூடும் இன்னொரு நஞ்சுப் புரதம்), பி.எல்.ஜி.எஃப். விகித டெஸ்ட்டுக்குச் சொல்ல மாட்டேன். அதில் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அடுத்த ஒரு வாரத்துக்குள் வர வாய்ப்பு மிகக் குறைவு என்று பொருள். இவர்களோ சாம்பிளைச் சென்னைக்கு அனுப்பி, மூன்று நாள் கழித்து ரிசல்ட் தருகிறார்கள். ஒரு வாரத்துக்குச் செல்லும் பதிலில் பாதி வழியிலேயே போய்விடுகிறது. அதற்கு லேப் உள்ளேயே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய்விடுங்கள்.