5 கிகாஹெர்ட்ஸ் என்று சொல்லி விற்ற கணினி: திருகோணமலையில் கேமிங் பிசி வாங்குவோர் கவனத்துக்கு

உப்புவெளியில் ஒரு குடும்பம் மகனுக்காக நகரத்துக் கடையொன்றில் கேமிங் கணினி வாங்கியது. "ஐ5 புரொசெசர், ஓவர்க்ளொக் பண்ணி 5 கிகாஹெர்ட்ஸில விட்டிருக்கிறம், எந்தக் கேமும் பறக்கும்" என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். ஓவர்க்ளொக் என்றால் புரொசெசரை அதற்கு நிர்ணயித்த வேகத்தைவிடக் கூட்டி ஓடவிடுவது. அந்த வேலைக்கென்று பற்றுச்சீட்டில் தனியாக 25,000 ரூபாய். பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது ஐ5-10400எஃப், எச்410 மதர்போர்ட், 16 ஜிபி ரேம் ஒற்றைக் குச்சி, ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்ட்.

இந்த புரொசெசரில் 5 கிகாஹெர்ட்ஸ் எடுக்கவே முடியாது. புரொசெசரின் வேகம் என்பது 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி வருவது. 10400எஃப்-க்கு உச்சப் பெருக்கெண் 43, அதாவது 4.3 கிகாஹெர்ட்ஸ். அதுவும் ஓரிரு கோர்கள் (புரொசெசருக்குள் இருக்கும் தனித்தனிக் கணிப்புப் பகுதிகள்) மட்டும் வேலை செய்யும்போது. ஆறும் சேர்ந்து ஓடினால் 4.0. அதற்கு மேல் போகாதபடி இன்டெல் பூட்டியே அனுப்புகிறது. அந்தத் தலைமுறை ஐ5-இல் பெருக்கெண்ணைக் கூட்ட வேண்டுமானால் பெயரின் முடிவில் 'கே' இருக்க வேண்டும் (10600கே போல), மதர்போர்டும் இசட்490 போன்ற இசட் வரிசையாக இருக்க வேண்டும். எச் வரிசைப் போர்டில் அந்த வசதியே இல்லை. இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் புரொசெசர்கள் பெரும்பாலும் பூட்டில்லாமல் வரும். ஆனால் ஏ320, ஏ520 போர்டுகளில் ஓவர்க்ளொக் கிடையாது. பி450, பி550 வேண்டும்.

அப்படியானால் விண்டோஸில் 5.00 என்று எப்படித் தெரிந்தது? சிஸ்டம் அபவுட் பக்கம் புரொசெசரின் பெயரை ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் உள் பதிவேட்டிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. கணினி எழும்பும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் அந்தப் பெயரைப் புதிதாக எழுதும். இந்தக் கணினியில் டாஸ்க் ஷெடியூலருக்குள் (வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸ் கருவி) ஒரு சிறிய கட்டளைக் கோப்பு வைக்கப்பட்டிருந்தது. லொகின் ஆனவுடன் அது ஓடி, பெயரை மாற்றி எழுதிவிடும். அதை நிறுத்திவிட்டு மறுபடி இயக்கியதும் 2.90 என்ற அடிப்படை வேகத்தோடு உண்மையான பெயர் வந்தது. இதைத் தெரியாமல் நடந்த தவறு என்று சொல்ல முடியாது.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே இரண்டு இடங்களில் பாருங்கள். ஒன்று விண்டோஸ் வருமுன் திறக்கும் பயோஸ் என்ற அமைப்புத் திரை: பவர் பட்டனை அழுத்தியதும் டிலீட் அல்லது எஃப்2. மற்றது சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள். அது புரொசெசரையே நேரடியாகக் கேட்கும். அதை உங்கள் சொந்த பென் டிரைவில் கொண்டு போங்கள், கடைக்கணினியில் ஏற்கெனவே இருப்பதை நம்பவேண்டாம். அதில் மல்டிப்ளையர் (பெருக்கெண்) எல்லையையும், மெமரி பக்கத்தில் சேனல் (ரேமுக்கான பாதை) எண்ணிக்கையையும் பார்க்கலாம்.

பொய்யோடு நின்றிருந்தால் நட்டம் 25,000 ரூபாய் மட்டும். ஆனால் வேகம் கூட்டியதுபோல் காட்ட, புரொசெசர் இழுக்கும் மின்சாரத்துக்கு பயோஸில் உள்ள 65 வாட் எல்லையையும் எடுத்துவிட்டிருந்தார்கள். மலிவான எச்410 போர்டில் புரொசெசருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியின்மேல் வெப்பத் தகடே இல்லை. புரொசெசரோடு வந்த சின்னக் கூலர், காற்று வழியில்லாத கண்ணாடி முகப்புப் பெட்டி, கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் பகலில் 33 பாகை அறை. எந்தக் காற்றுக் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே இறக்காது. அரை மணி நேர விளையாட்டில் மின்பகுதி கொதித்து, போர்ட் தன்னைக் காத்துக்கொள்ள புரொசெசரை 800 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடும். திரை உறையும், மீளும், மறுபடி உறையும். "கிராபிக்ஸ் கார்ட் பலவீனம், பெரிசா ஒன்று போடுங்கோ" என்பதுதான் கடையின் பதில். வேகத்தையும் சூட்டையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாடினால், உறையும் அதே கணத்தில் புரொசெசரின் க்ளொக் (வேகம்) விழுவது தெளிவாகத் தெரிந்தது.

உண்மையான ஓவர்க்ளொக் என்றாலும் கேமிங்குக்கு லாபம் குறைவு. 10600கே எல்லாக் கோரிலும் 4.5-இல் ஓடும். அதை 4.9-க்கு ஏற்றினால் வேகம் 9 சதவீதம் கூடும். புரொசெசரே தடையாக இருக்கும் விளையாட்டில்கூட நொடிக்கு 100 பிரேம் (திரையில் வரும் படங்கள்) 109-ஐத் தாண்டாது. அதற்கு வோல்டேஜை 1.20-இலிருந்து 1.35-க்கு ஏற்ற நேர்ந்தால், சூடு வேகத்தோடும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடுவதால் ஏறத்தாழ 38 சதவீதம் அதிகம். பெரிய கூலர், இசட் போர்ட், நல்ல பவர் சப்ளை எல்லாம் மேலதிகச் செலவு. அந்தக் காசுக்கு அடுத்த நிலை கிராபிக்ஸ் கார்ட் வாங்குவதே மேல்.

உங்கள் விளையாட்டில் தடை எது என்று அறிய ரெசொலூஷனை 1920×1080-இலிருந்து 1280×720-க்கு இறக்குங்கள். பிரேம் நன்றாகக் கூடினால் தடை கிராபிக்ஸ் கார்ட். புரொசெசரை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. கூடாவிட்டால் தடை புரொசெசர் அல்லது ரேம்.

ரேமைப் பலர் கவனிப்பதில்லை. ஒற்றைக் குச்சியில் பாதி அகலப் பாதைதான் திறந்திருக்கும். 16 ஜிபி குச்சி ஒன்றுக்குப் பதில் 8 ஜிபி குச்சி இரண்டு போட்டாலே பல விளையாட்டுகளில் தடங்கல் குறையும். 3200 வேகம் என்று விற்கும் ரேமும், அந்த வேகத்தை இயக்கும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை பயோஸில் போடும்வரை குறைந்த வேகத்தில்தான் ஓடும். இந்தக் கணினிக்கு 3200 என்று விலை வாங்கியிருந்தார்கள். எச்410-இல் ஐ5-க்கு 2666-தான் எல்லை.

பாவித்த 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 விற்பனைக்கு வந்தால் கூடுதல் கவனம். அளவுக்கு மீறிய வோல்டேஜ் அவற்றைப் பழுதாக்குவதை 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, பெட்டியில் விற்றவற்றின் உத்தரவாதத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆக்கியது. அந்த ஓகஸ்ட்டுக்குப் பிந்திய பயோஸ் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தக் கணினியில் 65 வாட் எல்லையைத் திரும்பப் போட்டு, புரொசெசருக்கும் கூலருக்கும் இடையே பூசும் பேஸ்ட்டை மாற்றி, முன்பக்கம் 120 மில்லிமீற்றர் ஃபேன் ஒன்று பூட்டி, ரேமை இரண்டு குச்சியாக்கியதும் உறைவது நின்றது. 25,000 ரூபாயைத் திருப்பித்தரக் கடை மறுத்துவிட்டது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் தொலைபேசி எண் 1977. முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆகவே பற்றுச்சீட்டில் "கேமிங் பிசி ஒன்று" என்று எழுதவிடாமல், புரொசெசர், போர்ட், ரேம் ஒவ்வொன்றின் முழு மாதிரிப் பெயரையும் தொடர் எண்ணையும் எழுதி வாங்குங்கள். புரொசெசரின் பெட்டியையும் கேட்டு வாங்குங்கள்.