ஊசி டெஸ்ட் எடுத்த லேப்: 5-க்கு 2

"உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?" என்று லேபிலிருந்து அப்பாவின் நம்பருக்கு மெசேஜ் வந்திருந்தது. அவர் போய்ப் பதினைந்து நாள் ஆகிறது, அதனால் நானே எழுதுகிறேன். பேர் போடப்போவதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை ஆறரைக்கே வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தார்கள், வந்த பையன் நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்தித் தேடவில்லை, சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். பில்லிலும் ஏமாற்று இல்லை.

சிக்கல் கழுத்தில் கட்டிய நெறியில் ஆரம்பித்தது. பொழுது சாய்ந்தால் காய்ச்சல், ராத்திரி பனியனைப் பிழிந்தால் சொட்டும் அளவுக்கு வியர்வை, நான்கு மாதத்தில் 71 கிலோவிலிருந்து 59. இங்கேதான் நெறியில் ஊசி போட்டு உறிஞ்சிப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. எடுத்தோம். "நாள்பட்ட அழற்சி, காசநோயாக இருக்கலாம்" என்று வந்தது. டிபி கிருமி தென்படவில்லை என்பதும் அதே தாளில்தான் இருந்தது, ஆனால் டாக்டர் மேல் வரியைப் படித்துவிட்டு மருந்தை ஆரம்பித்தார். அதில் ரிஃபாம்பிசின் என்ற டிபி மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சாகப் போனதைப் பார்த்து, மருந்து வேலை செய்யுது என்று அப்பாவுக்குச் சந்தோஷம் வேறு.

இரண்டு மாதம் அப்படியே போனது. அப்புறம் பிளேட்லெட் சரிந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து அதையும் இதே லேபுக்குத்தான் அனுப்பினார்கள். ரிப்போர்ட் வர ஒன்பது நாள், அப்பா இருந்தது மூன்று நாள். லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய். டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் என்கிற வகை. கீமோவில் பத்தில் ஆறு பேர் வரை குணமாகிற வகை என்று தெரிந்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

லேபை மட்டும் குறை சொல்ல முடியாது. காய்ச்சல், வியர்வை, இளைப்பு, நெறி எல்லாமே இரண்டு நோய்க்கும் பொது, நம் நாட்டில் டிபி அதிகம், அதனால் முதலில் அதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் ஊசியில் வருவது கொஞ்சம் செல்கள்தான். நெறியின் அமைப்பே குலைந்திருக்கிறதா என்று பார்க்க, அதை முழுசாக வெட்டியெடுத்து பயாப்ஸியும், செல் எந்த வகை என்று சாயமேற்றிக் கண்டுபிடிக்கும் இம்யூனோ ஹிஸ்டோ கெமிஸ்ட்ரியும் செய்ய வேண்டும். தினமும் இதைப் பார்க்கிற லேபுக்கு இது தெரியாதா என்ன? "தேவைப்பட்டால் முழு நெறி பயாப்ஸி" என்று ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி போட்டிருக்கலாம். மூன்று ஸ்டாரைக் குறைத்தது அந்த வரிக்காகத்தான்.

இங்கே போகிறவர்கள் ஸ்லைடையும் (செல்லைத் தடவிய கண்ணாடி) பிளாக்கையும் (மெழுகில் பதித்த சதைத் துண்டு) அன்றைக்கே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வேறு இடத்தில் காட்ட உதவும். அப்பாவின் பழைய ஸ்லைடைக் கேட்டுப் போன வாரம் போனேன். "பேஷன்ட் கையெழுத்து வேணும் சார்" என்றார் கவுண்டரில் இருந்த பெண். இறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஜெராக்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்.