பானட் லைட்டை நிறுத்த எது வாங்கலாம்? பச்சைக் குமிழ் கட்-ஆஃபும் ரெண்டு பின் கப்ளரும்

"ஸ்போர்ட்ஸ் கார்ணே, எஞ்சின் வேலைக்காக ஒரு வாரம் பானட்டைத் திறந்தபடி நிக்கும். உள்ளே லைட் எரிஞ்சு பேட்டரி இறங்கிடக் கூடாது." மதுரை வெளி வீதிகளிலோ பைபாஸ் ரோட்டிலோ உள்ள ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடையில் இப்படிக் கேட்டால், பெரும்பாலும் முதலில் எடுத்து வைப்பது பித்தளைக் கட்டையில் பச்சைப் பிளாஸ்டிக் குமிழ் வைத்த பேட்டரி கட்-ஆஃப்தான். விலை சில நூறு ரூபாய். அதே கடையில் பின்னால் தொங்கும் ரெண்டு பின் வாட்டர்ப்ரூஃப் கப்ளர் (ஒயரை நடுவில் பிரித்துச் சேர்க்கும் சொருகு), ஒயரோடு சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இந்த வேலைக்குக் கப்ளருக்கு ஐந்துக்கு நாலரை, குமிழுக்கு ஐந்துக்கு ரெண்டு. குமிழ் மட்டமான பொருள் என்பதல்ல. ஒரு பல்பை நிறுத்த மொத்த வண்டியின் கரண்டையும் அறுப்பது தேவையில்லாத வேலை.

பல்பைச் சின்னது என்று விட்டுவிடவும் முடியாது. பானட்டுக்குள் வழக்கமாக இருக்கும் குழாய் பல்பு 10 வாட். 12 வோல்ட்டில் 0.83 ஆம்பியர் இழுக்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அப்படியே விட்டுப் போய், திங்கள் காலை ஒன்பதுக்கு வந்தால் 39 மணி நேரம். 32 ஆம்பியர் அவர் போயிருக்கும். 45 ஏ.ஹெச். (ஆம்பியர் அவர்) பேட்டரியில் மிச்சம் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. செல்ஃப் 'டக்' என்று தட்டிவிட்டு நிற்கும். ரெண்டு பல்பு உள்ள வண்டி என்றால் ஞாயிறு ராத்திரியே பேட்டரி காலி. முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி 12.2-க்கு வந்தாலே பாதி காலி என்று அர்த்தம். அந்த நிலையில் நாள் கணக்கில் கிடந்தால் ஈயத் தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு திரும்பாது.

சின்ன பராமரிப்பு சார்ஜரை மாட்டிவிட்டால் போதும் என்பார்கள். 0.8 ஆம்பியர் சார்ஜர் கொடுப்பதை அந்த ஒரு பல்பே தின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் அதுவும் நின்றுபோகும்.

குமிழுக்கு வருவோம். பேட்டரியின் நெகட்டிவ் போஸ்ட்டில் (மேலே நீட்டிய ஈய முனை) பித்தளைக் கட்டை, அதன் மேல் வண்டியின் கிளாம்ப், நடுவில் பச்சைக் குமிழின் மரை. குமிழைத் தளர்த்தினால் தொடர்பு விடும். இதில் முதல் சிக்கல் அளவு. ஜப்பான் பாணி சின்ன பேட்டரிகளில் நெகட்டிவ் போஸ்ட் மெல்லிசு, விட்டம் சுமார் 13 மி.மீ. தடித்த போஸ்ட் உள்ள பேட்டரியில் அதுவே சுமார் 16 மி.மீ. தடித்ததற்குச் செய்த கட்டையை மெல்லிசில் மாட்டினால் எவ்வளவு முடுக்கினாலும் ஆடும். சிலர் பீர் டின் தகட்டை வெட்டிச் சுற்றிச் சமாளிப்பார்கள். அது வேண்டவே வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது 150 ஆம்பியர் போகும் இடம் அது. ஆடும் இணைப்பில் 0.01 ஓம் தடை சேர்ந்தால் அந்த நொடியில் 1.5 வோல்ட் அங்கேயே செத்துவிடும், 225 வாட் சூடாக மாறும். "பேட்டரி புதுசு, ஆனா செல்ஃப் மந்தமா சுத்துது" என்று வரும் வண்டிகளில் இந்தக் குமிழையும் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்தது உயரம். குமிழ் பேட்டரி மட்டத்துக்கு மேலே துருத்தும், தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் பானட்டில் இடம் இருக்காது. நெகட்டிவில் மாட்டியிருந்தால் பானட்டில் இடித்தாலும் ஷார்ட் ஆகாது. பாசிட்டிவில் மாட்டித் தந்திருந்தால் வண்டியை எடுக்கும் முன் மாற்றச் சொல்லுங்கள். புது ஜெர்மன் வண்டிகளில் நெகட்டிவ் கிளாம்ப்பிலேயே பேட்டரி சென்சார் இருக்கும். அதன் அடியில் கட்டையைச் செருகி நெம்பினால் சென்சாருக்குத்தான் கேடு.

இதெல்லாம் சரியாக அமைந்தாலும் கரண்ட் மொத்தமாகப் போவதால் வரும் தொல்லை தனி. ஐடில் செட்டிங் மறந்துபோகும், சில ரேடியோக்கள் ரகசிய எண் கேட்கும். ஃப்ரேம் இல்லாத கதவுள்ள வண்டிகளில் கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும்; கரண்ட் இல்லையென்றால் இறங்காது, கதவை அடித்துச் சாத்தினால் ரப்பர் பீடிங் கிழியும். போர்ஷே பாக்ஸ்டர் 987-இல் பேட்டரி முன் டிக்கிக்குள், அந்த டிக்கியின் பூட்டோ கரண்டில் திறப்பது. குமிழைத் திருகிவிட்டு மூடியையும் சாத்தினால் சாவி இருந்தும் திறக்காது. காலடி ஃப்யூஸ் பெட்டியில் வெளியே இழுக்கும் பாசிட்டிவ் முனை ஒன்று உண்டு. அதற்கு வெளி பேட்டரியின் பாசிட்டிவ், கதவின் கொண்டிக்கு நெகட்டிவ் கொடுத்துத்தான் திறக்க வேண்டும். ஒரு பல்புக்காக இவ்வளவு பாடா?

கப்ளர் செய்வது இவ்வளவுதான்: லைட்டுக்குப் போகும் ரெண்டு ஒயரையும் ஒரே இழுப்பில் பிரிக்கும். பல வண்டிகளில் கம்பெனியே லைட்டின் முதுகில் கப்ளர் கொடுத்திருக்கும், முதலில் அதைத் தேடுங்கள். இருந்தால் ஒரு பைசா செலவில்லை. இல்லாத வண்டிக்கு மட்டும் வெட்டிப் போட வேண்டும்.

போடும்போது கடைகள் அடிக்கடி தலைகீழாக்கும் இடம் ஒன்று உண்டு. கப்ளரில் ஒரு பாதியில் பின் நீட்டிக்கொண்டிருக்கும், மறுபாதியில் பின் உள்ளே பதுங்கியிருக்கும். பேட்டரியிலிருந்து கரண்ட் வரும் பக்கத்துக்குப் பதுங்கிய பெண் முனைதான் வர வேண்டும். நீட்டிய ஆண் முனை அந்தப் பக்கம் வந்துவிட்டால், பிரித்துத் தொங்கவிட்ட கப்ளரில் உயிருள்ள பின் வெளியே நிற்கும். சேஸிஸில் உரசினால் ஃப்யூஸ் போச்சு. அந்த ஃப்யூஸில் பானட் லைட் மட்டும் இருப்பது அபூர்வம். உள் லைட், கடிகாரம், ரேடியோ மெமரி என்று கூட்டுக் குடும்பமாக இருக்கும். "ஃப்யூஸைப் புடுங்கிட்டா முடிஞ்சுதே" என்கிற யோசனையும் இதனால்தான் எடுபடுவதில்லை.

மற்றவை சின்ன சங்கதிகள். 0.75 சதுர மி.மீ. ஒயர் தாராளம். லைட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வெட்டச் சொல்லுங்கள். கீலுக்குப் பக்கத்தில் போட்டால் ஒவ்வொரு முறை பானட் திறக்கும்போதும் மடங்கும், சாலிடர் வைத்த இடம் விறைத்து அதன் ஓரத்தில் ஒயர் அறும். அதனால் சாலிடரை விட, சரியான பிளையரில் கிரிம்ப் அடித்து (முனையை ஒயரோடு நசுக்கி இறுக்கி) மேலே சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டால் நீடிக்கும். முறுக்கிக் கட்டிக் கறுப்பு டேப் சுற்றுவது மட்டும் கூடாது. சித்திரை வெயிலில் எஞ்சின் சூடும் சேர்ந்தால் டேப்பின் பசை வழிந்து, ஆறே மாதத்தில் வால் போல உரிந்து தொங்கும்.

ஒயர் கலரை மட்டும் நம்பி வெட்ட வேண்டாம். ஜெர்மன் வண்டியில் பிரவுன் என்றால் எர்த். பழைய பிரிட்டிஷ் வண்டியில் அதே பிரவுன் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் இல்லாமல் நேரே வரும் கரண்ட். ஃப்யூஸ் வழியாக எப்போதும் உயிரோடு இருப்பது பர்ப்பிள். டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்து வெட்டும் ஆளிடம் வண்டியைக் கொடுங்கள்.

எந்த ஸ்விட்ச் என்பதைப் பொறுத்துக் கப்ளரே தேவைப்படாமலும் போகலாம். பானட் ஓரத்தில் அமுங்கும் பின் ஸ்விட்ச் இருந்தால், அது பெரும்பாலும் எர்த் பக்கத்தைத்தான் சேர்த்துப் பிரிக்கும். அதன் ஒற்றை ஒயரை உருவி ஸ்லீவ் மாட்டிவிட்டால் லைட் அணையும். ஸ்லீவ் நழுவி பாடியில் பட்டாலும் லைட் மறுபடி எரியுமே தவிர ஃப்யூஸ் போகாது. பானட் சாய்ந்தால் எரியும் லைட் என்றால், ஸ்விட்ச் லைட்டுக்குள்ளேயே பாதரசக் குமிழாகவோ உருளும் குண்டாகவோ இருக்கும். இதில் எப்போதும் கரண்ட் உள்ள ஒயர் பானட் வரை ஏறிப் போகும். பானட்டையே கழற்றி வைக்கிற வேலைக்கு அந்த ஒயரில் கப்ளர் போட்டே ஆக வேண்டும். அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட் இதில் இன்னும் ஒரு படி மேலே. 1953 முதல் அதன் பாடி ஃபைபர், எர்த் எடுக்க இரும்பு கிடையாது, லைட்டுக்கு எர்த் ஒயரும் தனியாகவே வரும். 1984 முதல் 1996 வரை வந்த மாடலில் பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னால் சாயும். ஒயரைப் பிரிக்காமல் அந்தத் துண்டைத் தூக்கினால் ஒயர்தான் முதலில் கிழியும்.

பூட்டுக்குள்ளேயே மைக்ரோ ஸ்விட்ச் உள்ள வண்டியில், ஸ்க்ரூ டிரைவரால் பூட்டின் நாக்கை அமுக்கி 'பானட் மூடியிருக்கு' என்று வண்டியை ஏமாற்றுவார்கள். செலவில்லாத வழி, வேலையும் செய்யும். நாக்கை விடுவிக்க மறந்து பானட்டை அடித்துச் சாத்தினால் பானட்டில் குழி விழும். ஸ்டியரிங்கில் ஒரு சீட்டு ஒட்டாமல் இதைச் செய்ய வேண்டாம்.

பல்பையே கழற்றி வைப்பது ஒரு நாள் வேலைக்குப் போதும். எரிந்துகொண்டிருந்த பல்பை வெறும் கையால் தொட்டால் சுடும். அதே சூட்டில்தான் மேலே போர்த்திய பாலியஸ்டர் துணி பொசுங்குவதும், வாட்டர் வாஷில் கண்ணாடி 'பட்' என்று வெடிப்பதும். எல்.இ.டி. குழாய் பல்பு ஒரு வாட் அளவில் முடிக்கும், இழுப்பு பத்தில் ஒன்றாகும். வாங்கும் முன் பழைய பல்பை அளந்துகொள்ளுங்கள்: 31, 36, 39, 41 மி.மீ. என்று நீளம் மாறும். எரியவில்லை என்றால் முனையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் சூட்டில் மலிவு எல்.இ.டி. சீக்கிரம் மங்கும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இதைப் போட்டாலும் கப்ளர் வேண்டும்.

பெட்ரோல் லைனைக் கழற்றும் வேலை இருந்தால், லைனைத் தொடுவதற்கு முன்பே கப்ளரைப் பிரித்துவிட வேண்டும். எரியும் லைட்டின் இணைப்பைப் பிரிக்கும்போது சின்னப் பொறி வரும், பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் அது போதும். பிரித்த முனைகளைச் சின்ன பாலிதீன் கவரில் போட்டு ஜிப் டையால் கட்டுங்கள், எஞ்சின் பிசுக்கைக் கழுவும் டீகிரீசர் உள்ளே போகாது.

ஸ்டார்டர், ஆல்டர்னேட்டர், வெல்டிங் என்று வரும்போது பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றியே ஆக வேண்டும். அதற்கும் குமிழ் தேவையில்லை, 10 மி.மீ. ஸ்பானர் போதும். ஒரே ஒரு இடத்தில் குமிழை வாங்கலாம்: தடித்த போஸ்ட், கம்ப்யூட்டர் இல்லாத பழைய வண்டி, மாசக்கணக்கில் ஷெட்டில் நிற்பது. அந்த ரெண்டு மார்க் அதற்குத்தான்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது கடையில் நின்று ஒன்று மட்டும் பாருங்கள். கப்ளரைச் சேர்த்துவிட்டு, பானட்டை மூடினால் லைட் அணைகிறதா? ஒயரை இழுத்துக் கட்டியதில் ஸ்விட்ச் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் உள்ளே எரிந்துகொண்டேதான் இருக்கும், வெளியே தெரியாது. எஞ்சின் ஆறிய பிறகு செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, பல்பைப் பார்த்தபடி பேட்டரி மேல் படுக்க வைத்து, பானட் போனை இடிக்காது என்று பார்த்துக்கொண்டு மூடித் திறங்கள். வீடியோவில் படம் முழு இருட்டாகிவிட்டால் காசைக் கொடுக்கலாம்.