நாய் ஷெல்டரோட ஃபாஸ்டர் சர்வீஸ், நேர்ல பழகி பார்த்து எழுதறேன்

ரேட்டிங் முதல்லயே சொல்லிடறேன், 5க்கு 4. பேரு ஏன் போடலன்னு கேப்பீங்க. பேரும் லொகேஷனும் வெளிய போச்சுன்னா ராத்திரியோட ராத்திரியா அட்டைப்பெட்டில குட்டிய போட்டு கேட் முன்னாடி வெச்சுட்டு ஓடிடறாங்களாம், லாப்ரடார கூட செயினோட கட்டிட்டு போயிருக்காங்க, அதனால போட வேணாம்னு அவங்களே கேட்டுக்கிட்டாங்க. தாம்பரம் தாண்டி ஒரு ட்ரஸ்ட் நடத்தற இடம், அவ்ளோ போதும். நெஜமாவே ஃபாஸ்டர் பண்ணணும்னு, அதாவது நிரந்தர வீடு கெடைக்கற வரைக்கும் நாய தன் வீட்ல வெச்சு பாத்துக்கணும்னு இருக்கறவங்க எனக்கு மெசேஜ் பண்ணுங்க, நம்பர் தரேன்.

எங்க தெருவுல பாதி கட்டி நிக்கற வீட்டுக்குள்ள ஒரு நாய் குட்டி போட்டுடுச்சு, ஆறு குட்டி. அசோசியேஷன்ல உடனே ஷெல்டர்ல விடுங்கன்னு ஒரே சத்தம். நானும் போன் மேல போன் போட்டேன், எல்லா எடத்துலயும் ஃபுல்லு சார், எடமே இல்ல சார்னு வெச்சுட்டாங்க. இவங்களும் ஃபுல்லுதான்னாங்க, ஆனா வெக்கல. தாய் கூட இருக்கா, சாப்பிடுதா, பால் குடுக்குதா, குட்டி கண்ணு தொறந்துடுச்சா, மழை வந்தா அந்த எடத்துல தண்ணி ஏறுமா, பக்கத்துல சோறு வைக்கற ஆள் யாராவது இருக்காங்களான்னு ஒண்ணொண்ணா கேட்டாங்க. கேட்டுட்டு போன்ல பேசின அக்கா சொன்னது, "சார், தாயும் நல்லா இருக்கு, குட்டியும் நல்லா இருக்கு, இப்ப இங்க கொண்டு வந்தா பார்வோன்னு ஒரு வைரஸ் நோய் வந்து குட்டி செத்துடும், அங்கயே இருக்கட்டும், என்ன வேணுமோ நாங்க அனுப்பறோம்."

அனுப்பவும் செஞ்சாங்க. தீவனம், பூச்சி மருந்து, எந்த தேதிக்கு எவ்ளோ குடுக்கணும்னு ஒரு சீட்டு. முதல் தடுப்பூசிக்கு நேரம் வந்ததும் அவங்க ஆளே பைக்ல ஐஸ் பாக்ஸோட வந்து அங்கயே போட்டுட்டு போனாரு. குட்டிங்க எட்டு வாரம் தாண்டினதும் அடாப்ஷன் கேம்ப், தாய பிடிச்சுட்டு போயி ஸ்டெரிலைஸ் பண்ணி, ரேபிஸ் ஊசி போட்டு, காது நுனிய லேசா வெட்டி அடையாளம் வெச்சு அதே தெருவுல கொண்டு வந்து விட்டாங்க. அதுல ஒரு சவலைக் குட்டி மட்டும் பால் குடிக்க முடியாம கெடந்துச்சு, கறுப்பு, புருவத்துல மட்டும் ரெண்டு செம்பட்டை பொட்டு, அத நான் வீட்டுக்கே கொண்டு வந்து ஃபாஸ்டர் பண்ணேன். விலா எலும்பு எண்ணிடலாம் அப்ப, வயிறு மட்டும் பூச்சியில பானை மாதிரி உப்பி இருந்துச்சு. ஆட்டுப்பால் கலக்கி ஊத்தலாமான்னு அர்த்த ராத்திரில மெசேஜ் போட்டா கூட டாக்டர் கிட்ட கேட்டு பதில் சொன்னாங்க. பால் பவுடர், மருந்து செலவு முழுக்க அவங்களோடது. இப்ப அது மடிப்பாக்கத்துல ஒரு டீச்சர் வீட்ல இருக்கு.

ஷெல்டர நேர்லயும் போயி பார்த்தேன். உள்ள போனதும் பினாயில் வாசனை, அதுக்கும் மேல நாய் வாசனை, அதுல பொய் சொல்ல மாட்டேன். ஆனா புதுசா வர்ற நாய்க்கு தனி ரூம், அங்க வேலை பாக்கறவரு வேற செருப்பு மாத்திக்கிட்டுதான் இந்தப் பக்கம் வர்றாரு. பார்வோ மண்ணுல மாசக்கணக்கா உயிரோட கெடக்கும், செருப்புல ஒட்டிக்கிட்டு வந்து ஒரு வரிசை குட்டியையும் காலி பண்ணிடும், டிஸ்டெம்பர்னு இன்னொரு வைரஸ் நோய் இருமல்லயே பரவும். நெரிசலா இருக்கற எடத்துல எவ்ளோ மருந்து குடுத்தாலும் நிக்காது, இத அந்த செருப்பு மாத்தறவரே எனக்கு சொன்னாரு.

ஆபீஸ் செவுத்துல ஒரு வெள்ளை போர்டு. இன்னிக்கு உள்ள வந்தது, வெளிய போனது, ஒவ்வொண்ணும் எத்தனை நாளா இருக்குது. என்னக்கா இது மளிகைக் கடை கணக்கு மாதிரின்னு கேட்டேன், உக்கார வெச்சு சொன்னாங்க. ஒரு பேச்சுக்கு தினம் 4 நாய் வருது, ஒவ்வொண்ணும் சராசரியா 50 நாள் தங்குதுன்னா எந்த நேரமும் 200 நாய் உள்ள இருக்கும். அதே 4 நாய் 25 நாள்ல வீடு போய் சேர்ந்தா 100 தான், ஒரு கூண்டு கூட புதுசா கட்ட வேணாம். அதனால ஒரு மாசத்துக்கு மேல இருக்கற நாய் பேர செகப்புல எழுதி, ஏன் போகல, போட்டோ சரியில்லையா, தோல் வியாதியா, ஆம்பளைங்கள பார்த்தா பயப்படுதான்னு வாராவாரம் உக்காந்து பேசறாங்க. பயந்த நாய்ங்கள முதல்ல ஃபாஸ்டர் வீட்டுக்கு அனுப்பறாங்க, கூண்டுல குலைச்சுக்கிட்டே இருந்தது வீட்ல சோபாக்கு கீழ படுத்து தூங்கற வீடியோ வந்ததும் அடாப்ஷனுக்கு ஆள் வந்துடறாங்க. எனக்கு இந்த மொத்த சர்வீஸ்லயும் ரொம்ப பிடிச்சது இந்த போர்டுதான்.

ஏன் இவ்ளோ நீட்டி எழுதறேன்னா, ஊர்ல எல்லாரும் பெருசா ஷெல்டர் கட்டு, எல்லாத்தையும் உள்ள போடுன்னுதான் பேசறாங்க. மாநகராட்சி 2024ல எடுத்த கணக்குல சென்னை தெரு நாய்ங்க சுமார் 1.8 லட்சம், அதுல கால்வாசி சொச்சத்துக்குத்தான் ஸ்டெரிலைஸ் ஆகியிருந்துச்சு. எந்த ஷெல்டர்ல அடைப்பீங்க அத்தனையையும்? 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டே, டெல்லி பக்கம் தெரு நாய்ங்க எல்லாத்தையும் ஷெல்டர்ல அடைங்கன்னு போட்ட முதல் ஆர்டர மாத்தி, ஊசி போட்டு ஸ்டெரிலைஸ் பண்ணி பிடிச்ச எடத்துலயே விடுங்க, ரேபிஸ் இருக்கறதும் ரொம்ப கடிக்கறதும் மட்டும் உள்ள வைங்கன்னுச்சு. அப்புறம் நவம்பர்ல பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் வளாகத்துல இருக்கறத ஷெல்டருக்கு மாத்தணும், திரும்ப அங்க விடக்கூடாதுன்னு வந்துச்சு. அதுங்களுக்கு எடம் வேணும்னா, நல்லா இருக்கற குட்டியும் தாயும், வீடு மாத்தறோம்னு விட்டுட்டு போற ஹஸ்கியும் உள்ள வராம இருக்கணும். மெட்ராஸ்க்கு இது ஒண்ணும் புதுசு இல்ல, ப்ளூ கிராஸ்ங்கற விலங்கு நல அமைப்பு 1964லயே இங்க நாய்ங்களுக்கு கருத்தடை ஆரம்பிச்சது, அதுவரைக்கும் பிடிச்சு கொன்னுக்கிட்டே இருந்த மாநகராட்சி 1996ல அந்த வழிக்கு வந்துச்சு. அந்த ஊர்ல இருந்துக்கிட்டு இன்னும் கூண்டு கட்டறதையே பேசறது எனக்கு மனசு ஆற மாட்டேங்குது.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, காலைல பத்து மணி வரைக்கும் போன் எடுக்கறதே இல்ல, அப்பதான் அடிபட்ட நாய் கேஸ் நெறைய வரும், மனசு பதறும் நமக்கு. பூனைங்களுக்கு எடம் ரொம்ப கம்மி, நாய் குலைக்கற சத்தம் கேக்கற தூரத்துலயே வெச்சிருக்காங்க, அதுங்க மூலையில ஒடுங்கி உக்காந்திருக்கறத பார்க்க கஷ்டமா இருக்கு. அடாப்ஷன் ஃபார்ம்ல வாடகை வீடுன்னா ஹவுஸ் ஓனர் கையெழுத்து கேக்கறாங்க. கேக்கறது நியாயம்தான், நாய திருப்பிக் கொண்டு வந்து விடறதுல பாதி ஓனர் பிரச்சனைலதான் நடக்குதுன்னு சொல்றாங்க, ஆனா நம்ம ஊர்ல எத்தனை ஓனர் கையெழுத்து போடுவாங்க? ஓனர்கிட்ட அவங்களே ஒரு போன் பேசினா நல்லா இருக்கும், நல்ல குடும்பங்க எத்தனையோ அந்த ஒரு பேப்பர்னால திரும்பிப் போகுது.

எடுத்துட்டு போறவங்களுக்கு மாநகராட்சி லைசென்ஸ், நாய் தோலுக்கு அடியில வெக்கற அடையாள மைக்ரோசிப் எல்லாம் எப்படி பண்றதுன்னு அவங்களே உக்காந்து ஆன்லைன்ல போட்டு குடுக்கறாங்க. லைசென்ஸ் இல்லன்னா 5,000 அபராதம், அதனால தள்ளிப் போடாதீங்க. சிப் இருந்தா நாளைக்கு யாராவது நடுரோட்ல விட்டுட்டு போனாலும் யார் வீட்டு நாய்னு தெரிஞ்சுடும்.

போறதா இருந்தா சனி, ஞாயிறு சாயங்காலம் போங்க, தீபாவளி முடிஞ்ச வாரம் மட்டும் வேணாம், வெடிக்கு பயந்து ஓடிவந்த நாய்ங்களோட அவங்க திணறிட்டு இருப்பாங்க. பழைய பெட்ஷீட், நியூஸ்பேப்பர் எவ்ளோ குடுத்தாலும் வாங்கிப்பாங்க. மிச்ச பிரியாணி மட்டும் கொண்டு போகாதீங்க, எலும்பு, மசாலா எதுவும் உள்ள விட மாட்டாங்க.