கோடையில் கயாக் ஓட்ட எந்த ஜாக்கெட்: மலையேற்ற ஜாக்கெட்டா, ஸ்ப்ளாஷ் டாப்பா, டிரை டாப்பா?

கயாக் ஜாக்கெட் பற்றிக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுத் தண்ணீரை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. மே மாதத்தில் சென்னையை அடுத்த கோவளம் கடலோ 28, 30 டிகிரியில் இருக்கும். இங்கே ஜாக்கெட் வேண்டியிருப்பது சிறிது நேரத்துக்குத்தான்: மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறி அலைநுனியை வாரி இறைக்கும்போது, அல்லது கோடைமழை பிடித்துக்கொள்ளும்போது. மற்ற நேரமெல்லாம் அது சுருண்டு பைக்குள் கிடக்கவேண்டிய பொருள்.

மலையேற்ற ஜாக்கெட் ஏற்கெனவே வீட்டில் இருக்கும் என்பதால் பலரும் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். லேபிளில் 10,000 மி.மீ. என்றிருந்தால், 10 மீட்டர் உயர நீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று பொருள். மழைக்கு அது தாராளம். ஆனால் கயாக்கில் தண்ணீர் துணி வழியாக வருவதில்லை. இரு முனையிலும் தட்டையான அலகு உள்ள துடுப்பின் ஒரு அலகு மேலே போகும்போது அதில் ஒட்டிய நீர் தண்டு வழியே இறங்கி, விரல்களை நனைத்து, கை உயர்ந்ததும் மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை ஓடிவிடும். தண்டில் ரப்பர் வளையம் மாட்டினால் கொஞ்சம் குறையும். மலையேற்ற ஜாக்கெட்டின் மணிக்கட்டிலுள்ள வெறும் வெல்க்ரோ பட்டை இதைத் தடுக்காது.

வியர்வை கதையும் அப்படித்தான். உள்ளே ஈரம் அதிகம், வெளியே குறைவு என்ற வித்தியாசம் இருந்தால்தான் துணி ஆவியை வெளியே விடும். சென்னைக் காற்றில் அந்த வித்தியாசம் சொற்பம். போதாததற்கு உப்பும் சன்ஸ்கிரீனும் நீரை உருட்டிவிடும் மேல்பூச்சைக் கெடுத்து, நீர் உருளாமல் துணியிலேயே ஊற, ஜாக்கெட் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இடுப்புப் பைகள் லைஃப் ஜாக்கெட்டுக்கு அடியில் போய்விடும். ஜாக்கெட்டின் தலைமூடியை (ஹூட்) சுருட்டிக் கட்ட முடியாவிட்டால், கவிழ்ந்து எழும்போது கழுத்தில் ஒரு வாளித் தண்ணீர்.

ஸ்ப்ளாஷ் டாப் இந்த வேலைக்கென்றே தைத்தது: அரை ஜிப், மணிக்கட்டில் வெல்க்ரோ போட்ட நியோப்ரீன் (நுரை ரப்பர்) பட்டி, அகலமான இடுப்புப் பட்டை. கவிழ்ந்து நீந்தினால் கழுத்து வழியே நீர் புகும்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் அதனால் ஆபத்தில்லை. படகில் ஏறியதும் இடுப்புப் பட்டையைத் தளர்த்தி, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினால் சட்டைக்கையில் தேங்கியது இறங்கி வெளியேறிவிடும். எங்கள் ஓட்டு இதற்கே.

டிரை டாப்பின் கழுத்திலும் மணிக்கட்டிலும் லேட்டக்ஸ் வளையம் இறுகப் பிடிக்கும். கயாக்கின் இருக்கைக் குழியை இடுப்போடு சேர்த்து மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டோடு போட்டால்தான் அதன் பலன். குழியில்லாமல் மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்கில் இடுப்பு வழியே நீர் ஏறிவிடும். வெயிலும் எண்ணெய்ப்பசையும் லேட்டக்ஸை வெடிக்க வைக்கும். இமயமலை ஆறுகளுக்கு வாங்குங்கள், கோவளம் பக்கத்து முட்டுக்காட்டுக்கு வேண்டாம். பைக்கில் போடும் பிவிசி ரெயின்கோட்டோ தண்ணீரில் விழுந்தால் உப்பிக் கைகாலைச் சுற்றும்; பேச்சே வேண்டாம்.

கடைக்குப் போகும்போது லைஃப் ஜாக்கெட்டையும் எடுத்துப் போங்கள். ஜாக்கெட் உள்ளே, லைஃப் ஜாக்கெட் மேலே. தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கைகளை உயர்த்தி, இடமும் வலமும் திரும்பிப் பாருங்கள். மணிக்கட்டுப் பட்டி இடம் மாறக்கூடாது, கீழ்விளிம்பு ஏறக்கூடாது. உட்புறத்தைத் திருப்பித் தோள் தையலில் டேப் ஒட்டியிருக்கிறதா பாருங்கள்; லைஃப் ஜாக்கெட் வார் உரசுவது அங்கேதான். நிறம் ஆரஞ்சோ மஞ்சளோ இருக்கட்டும். கடலில் நீலம் கண்ணுக்குப் படாது.

திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி, ஜிப் பற்களில் உப்பு போக ஊற்றி, நிழலில் காயவிடுங்கள். ஈரத்தோடு மடித்துக் கார் டிக்கியில் போட்டால் வெப்பமும் ஈரமும் சேர்ந்து உட்பூச்சைச் சிதைக்கும்: முதலில் பிசுபிசுப்பு, பிறகு புளித்த வாடை, கடைசியில் செதில் செதிலாக உரிந்து வரும். அந்த நிலைக்குப் போனதைச் சரிசெய்ய வழியில்லை.