சாய்தளம் அமைக்க வந்த சபைக் குழு: என் அனுபவம்

அம்மா சக்கர நாற்காலிக்கு மாறிய பிறகு, வாசலின் மூன்று படிகள் எங்களுக்கு மலையாகிவிட்டன. அருகிலுள்ள சபையின் சிறு குழு ஒன்று இலவசமாகச் சாய்தளம் அமைத்துத் தருவதாகச் சொன்னபோது, ஜெபித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். நாங்கள் அந்தச் சபையும் இல்லை, அந்த மதமும் இல்லை. ஜெபித்தார்கள்தான், ஒரு நிமிடம். எங்களைச் சேரச் சொல்லவில்லை.

முதலில் வந்தவர் டேப்பை நீட்டிப் படிகளின் உயரத்தை அளந்தார்: 18 அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் வேண்டும், ஆகவே 18 அடி என்றார். அவ்வளவு இடம் ஏது? நடுவே ஒரு சமதளம் வைத்துப் பாதையை மடக்கிவிட்டார். "கதவை எந்தக் கையால் திறப்பீர்கள், அம்மா?" என்று அவரிடமே கேட்டார். என்னிடம் கேட்டிருந்தால் தவறாகச் சொல்லியிருப்பேன்.

குறைகளும் உண்டு. எட்டுப் பேர் என்று சொல்லி ஐந்து பேர் வந்தார்கள். அவர்களில் இருவருக்குச் சுத்தியல் பிடிக்கவே தெரியவில்லை. ஒரு நாள் வேலை மூன்று சனிக்கிழமைகளைத் தின்றது. படம் எடுக்கலாமா என்றார்கள்; அம்மா மறுத்ததும் விட்டுவிட்டார்கள். கைப்பிடியில் சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்தது. சொன்ன மறுநாளே ஒரு பெண் உப்புத்தாளுடன் வந்து தேய்த்து, தன் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்த பிறகே கிளம்பினார்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். மழையில் பலகை வழுக்குகிறது. சொரசொரப்பான பட்டை ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரட்டும், பார்க்கலாம்.