வாஷிங்டனா, பிரெட்டன் வுட்ஸா?

1944-இல் ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்), உலக வங்கி இரண்டுக்கும் அடித்தளமிட்ட மாநாட்டை எங்கே நடத்துவது?

வசதி என்று பார்த்தால் வாஷிங்டன்தான். அமைச்சகங்கள், தூதரகங்கள் எல்லாம் அங்கேயே இருந்தன. ஆனால் ஜூலை மாத வெயில் கொடுமையானது. பிரிட்டன் தரப்பின் பொருளாதார அறிஞர் கெயின்ஸ் இதய நோயாளி. தயவுசெய்து எங்களை ஜூலையில் வாஷிங்டனுக்குக் கூட்டிப் போகாதீர்கள் என்று அமெரிக்கத் தரப்பின் ஹாரி டெக்ஸ்டர் ஒயிட்டுக்கு முன்கூட்டியே எழுதிவிட்டார்.

நியூ ஹாம்ப்ஷயர் மலையிலுள்ள பிரெட்டன் வுட்ஸ் குளிர்ச்சியான இடம். ஆனால் மவுண்ட் வாஷிங்டன் ஓட்டல் போர்க்காலத்தில் மூடிக்கிடந்தது. அவசரமாகத் திறந்ததால் அறைகள் போதவில்லை, குழாய்களும் மக்கர் செய்தன. அப்புறம் ஏன் அந்த இடம்? அரசியல் கணக்கும் இருந்தது. அந்த மாநில செனட்டர் சார்லஸ் டோபி எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சிக்காரர், தேர்தலை எதிர்நோக்கியிருந்தவர். மாநாட்டில் உருவாகும் ஒப்பந்தத்துக்கு செனட்டின் ஒப்புதலும் தேவை. மாநாட்டை அவர் மாநிலத்துக்கே கொண்டுபோய், அவரையும் அமெரிக்கக் குழுவில் சேர்த்தார்கள். 1945-இல் அவர் ஒப்பந்தத்தை ஆதரித்தார். என் பார்வையில் பிரெட்டன் வுட்ஸின் பெரிய பலன் இதுதான். வாஷிங்டனில் இது கிடைத்திருக்காது.

தனிமையும் உதவியது. 44 நாட்டுக் குழுக்கள் ஜூலை 1 முதல் 22 வரை வேறெங்கும் சிதறாமல் ஒரே இடத்தில் பேசின. இந்தியக் குழுவில், பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான கோவையின் ஆர். கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார்.

கெயின்ஸின் உடல்நலத்தை மட்டும் அந்தக் குளிர்ச்சி முழுதாகக் காக்கவில்லை. வேலைப்பளுவில் மாநாட்டின்போதே அவருக்கு இதயக் கோளாறு ஏற்பட்டது.